இரண்டு தட்டினால் வா, ஒரு தட்டினால் நில்

எங்கள் வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்க ஒரே வழி பின்னால் போவதுதான். வாசலில் திருப்ப இடமில்லை. வீட்டைப் பார்த்து நிற்கிற காரை, தண்ணீர்த் தொட்டிக்கும் செம்பருத்திக்கும் நடுவே பின்னுக்கு எடுத்து, கேட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கானுக்குள் விழாமல் ஒடித்துத் திருப்ப வேண்டும். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கானுக்குள் ஒரு த்ரீவீலும் இரண்டு மோட்டார் சைக்கிளும் விழுந்து எழும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

முன்னுக்கு ஓட்டுவதில் எனக்குப் பயமே கிடையாது. மாத்தளை டவுனில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடையிலேயே நுழைந்து வந்துவிடுவேன். பின்னுக்கு என்றால் மட்டும் இடது எது, வலது எது என்று கைக்கு மறந்துபோகும். அதனால் நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன காலமெல்லாம் காலையில் என் கணவர்தான் காருக்குப் பின்னால் வந்து நிற்பார். தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. டிக்கியில் கையால் தட்டுவார். இரண்டு தட்டினால் வா. ஒரு தட்டினால் நில். டீச்சருக்கு இவ்வளவு பாடம் போதும் என்பார்.

பழைய ஜப்பான் கார் அது. சந்தன நிறம். நாங்கள் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. பின் பம்பரில் பொத்தான் மாதிரி நான்கு வட்டச் சென்சர்கள் இருந்தன. ரிவர்ஸ் போட்டால், பின்னால் ஏதாவது நெருங்கும்போது டிங் டிங் என்று சொல்லும். ஆள் நிற்கும்போது பொத்தான் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

போன மாசியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு முழுவதுமாகப் போயிற்று. நாம் பேசுவது அவருக்கு விளங்கும், சொல்ல நினைப்பதுதான் வெளியே வராது என்று டாக்டர் இரண்டு தரம் எடுத்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நம்பினேனா என்றால் அது வேறு கதை. பதில் வராத ஆளிடம் எத்தனை நாளைக்குத்தான் கேள்வி கேட்பது? முதலில் கேட்டுவிட்டு நானே முடிவு செய்தேன். பிறகு கேட்பதையும் விட்டேன். எந்தச் சட்டை, என்ன கறி, மிளகு ஆய ஆளைக் கூப்பிடுவதா வேண்டாமா, எல்லாம் நான்தான். "ஆ காட்டுங்க, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சோறு ஊட்டினேன். முதலாம் வகுப்பில் இருபத்தாறு வருடம் படிப்பித்த குரல் எனக்கு. அது தானாகவே வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவரை மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். விடியும்போதே கிளம்பினால்தான் நம்பர் கிடைக்கும். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் எல்லாமே பாதிதான் தெரியும். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் இடுப்புக்கு மேலே இருக்கும், கீழே பனி. கராம்பு காயவைத்த வீட்டிலிருந்து வாசனை மட்டும் வரும், வீடு தெரியாது. அவரை இடது பக்கச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு, ரிவர்ஸ் போடுவேன். கேட் தூண் நெருங்கும்போது டிங் என்று ஒரு சத்தம். இன்னும் நெருங்கினால் இன்னொன்று. பேச்சில்லாத வீட்டில் எனக்கு வழி சொன்ன குரல் அது ஒன்றுதான். அதற்காகவே அந்தச் சென்சர்கள் மேல் எனக்குப் பாசம் வந்தது.

புரட்டாசியில் சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்கு வேலை செய்கிற சாமான் ஒன்றையும் நான் விடுவதில்லை. தையல் மெஷின், மிளகு தராசு, ரைஸ் குக்கர், சுவர்க் கடிகாரம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காருக்கு ஸ்டியரிங்கில் ஒன்று, முன்னால் மூன்று, பின்னால் நான்கு. பின் பம்பரின் அந்த நான்கு வட்டமும் பொட்டு வைக்கவே செய்துவிட்ட மாதிரி இருக்கும். பத்து வருடமாக அங்கேதான் வைக்கிறேன். வைத்த பொட்டை யாரும் அழிக்கக்கூடாது, தானாகத்தான் போகவேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். கார் வாங்கிய முதல் வருடம் அவர் பூசைக்கு மறுநாளே வாளியும் துணியுமாகக் கிளம்பினார். பொட்டை அழிக்கிற ஆம்பிளையை எங்கேயும் பார்த்ததில்லை என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

பூசை முடிந்து மூன்று நாள் விடாமல் மழை. அடுத்த செவ்வாய்க்கிழமை ரிவர்ஸ் போட்டதும் கார் கத்த ஆரம்பித்தது. டிங் டிங் இல்லை, ஒரே இழுப்பாக. கார் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்னால் நாயில்லை, ஆளில்லை. பனிதான் நின்றது. ஏறி மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே இழுப்பு.

பக்கத்தில் இருந்தவர் இடது கையைத் தூக்கிச் சுட்டுவிரலால் நெற்றி நடுவைத் தொட்டுக் காட்டினார். தலைவலி என்று நினைத்து மாத்திரையை எடுத்து நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான். சத்தம் வந்தது, விரல் நெற்றிக்குப் போனது. சரி, திருநீறு கேட்கிறார் என்று உள்ளே போய் எடுத்து வந்து பூசிவிட்டேன். பூசிய கையைத் தட்டிவிட்டு மறுபடியும் நெற்றியைக் காட்டினார். பிறகு கையை மடியில் போட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

யட்டவத்தச் சந்தியில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் பாஸ். சிங்கள மனுஷன், நிதானமானவர். நாலு தரம் இறங்கி இறங்கிப் பார்த்து, கத்தலோடேயே காரை அவரிடம் கொண்டுபோனேன். ரிவர்ஸில் போட்டு வைத்துவிட்டு, பம்பருக்குப் பின்னால் குந்தி, ஒவ்வொரு சென்சராகக் காதை வைத்துக் கேட்டார். உயிரோடு இருக்கிற சென்சர் மெல்லிசாக டிக் டிக் என்று துடிக்குமாம். நான்கும் துடிக்கிறது என்றார். மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று பம்பருக்குள் கையை விட்டு, வயர் பூட்டுகளைக் கழற்றி, பச்சை பிடித்திருந்த பின்களைத் தேய்த்துப் பூட்டினார். வீட்டுக்கு வந்து போட்டால் அதே கத்தல். இரண்டாம் தரம் போனபோது, சென்சர்களைக் கேட்டு முடிவு சொல்கிற பெட்டி போய்விட்டது, இந்தக் காருக்கு அது இப்போது கிடைக்காது என்றார். கலேவெல, குருணாகல் என்று பழைய சாமான் கடைகளுக்குப் போன் போட்டும் பார்த்தார். கடைசியில், சத்தம் போடுகிற பஸரின் வயரை வெட்டிவிடுவோம் டீச்சர், நிம்மதியாக ஓட்டலாம் என்று சிங்களத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை வெட்டுவதாகப் பேசிக்கொண்டோம்.

நான் கானை நினைத்தேன். வயரை வெட்டிவிட்டால் காலம் முழுக்க அந்தச் சரிவில் தனியாக எப்படி இறங்குவேன்? பயிற்சி நின்றால் இவர் கால் என்னாகும்? அந்த நேரம் பார்த்துக் காருக்குள்ளிருந்த என் கணவர் கண்ணாடியைத் தட்டினார். திரும்பினால் விரல் நெற்றியில். பாஸ் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் அலுப்பில் சொன்னேன்:

"அவருக்கு ஒன்னும் வெளங்காது பாஸ். எதுக்கெடுத்தாலும் இப்படித்தான்."

கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வீட்டைச் சுற்றி ஒன்றும் தெரியாத பனி. அவரை உட்காரவைத்து ரிவர்ஸ் போட்டேன். கத்தல் தொடங்கியது. அன்றைக்கு நான் உடனே கிளம்பவில்லை. அந்த இழுப்புக்குள் உட்கார்ந்து பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கப் பனிக்குள் யாரோ நிற்பது போலிருந்தது. இடுப்பில் நீலச் சாரம், மடித்துவிட்ட சட்டைக்கை, டிக்கியில் தட்டத் தூக்கிய கை. போன வருடத்து என் புருஷன் அங்கே நிற்கிறார், கார் அவரைக் கண்டுதான் கத்துகிறது, அதனால்தான் எந்தப் பாஸுக்கும் பழுது பிடிபடவில்லை என்று மனம் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டது. வயரை வெட்டினால் அவரும் போய்விடுவார் என்று பயம் வந்தது. பக்கத்துச் சீட்டில் ஆள் உயிரோடு இருக்க, அவரைப் பின்னால் தேடி அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் விரல் மறுபடியும் நெற்றிக்குப் போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாங்க, நம்ம தலையெழுத்துதான். அதைத் தெனமும் தொட்டுத் தொட்டுக் காட்டணுமா?"

அவர் என்னை முறைத்தார். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த முறைப்பு. தப்பாகக் கூட்டிய கணக்கைப் பார்க்கிற கிளாக்கரின் முறைப்பு. பெல்ட்டைத் தானே கழற்றினார். கதவைத் திறந்து கைத்தடியை வெளியே ஊன்றினார். நான் என்ஜினை நிறுத்திவிட்டு ஓடிவருவதற்குள் காரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துப் பின்னால் போய்விட்டார். தடியைப் போட்டுவிட்டு டிக்கியில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். இடது விரலை நீட்டி என் நெற்றிப் பொட்டைத் தொட்டார். அதே விரலைக் கீழே கொண்டுபோய்ப் பம்பரில் ஒரு வட்டத்தின்மேல் வைத்தார். பிறகு அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டி, அந்த நகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சந்தன வாசனை.

குனிந்து பார்த்தேன். குங்குமமெல்லாம் மழையில் போயிருந்தது. சந்தனம் மட்டும் ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றியிருந்த மெல்லிய இடைவெளிக்குள் இறங்கி இறுகிக் கிடந்தது. அதைத்தான், பின்னால் ஏதோ ஒட்டி நிற்கிறது என்று சென்சர் கத்தியிருக்கிறது. காரும் அதே நிறம். காதை வைத்துக் கேட்ட பாஸுக்கும் அது தெரியவில்லை, நாலையும் என் கையாலேயே அப்பிய எனக்கும் தெரியவில்லை.

அப்படியானால் பத்து வருடம் எப்படிக் கத்தாமல் இருந்தது? நான் கேட்கவில்லை. அவர் டிக்கியைத் தட்டினார். திறந்தேன். ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் ஜாக் வைக்கிற பையைக் காட்டினார். அதற்குள்ளே, துணியில் சுற்றி, ஒரு பழைய டூத்பிரஷ். எப்போதோ நான் குப்பையில் போட்ட பச்சைப் பிடி பிரஷ். அதன் தும்பெல்லாம் அடிவரை மஞ்சள்.

ஒவ்வொரு வருடமும் நான் பார்க்காத நேரத்தில் அந்த நான்கையும் மட்டும் தேய்த்து எடுத்திருக்கிறார். முன்பக்கத்துப் பொட்டுகளை நான் பார்ப்பேன் என்று விட்டுவைத்திருக்கிறார். சட்டத்தையும் மீறாமல் சென்சரையும் கெடுக்காமல் பத்து வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார் மனுஷன். இந்த வருடம் கை வரவில்லை. வராத கையோடு அதைச் சொல்லத்தான் வாரக்கணக்காக நெற்றியைத் தொட்டிருக்கிறார். நான் மாத்திரை கொடுத்தேன், திருநீறு பூசினேன், விளங்காது என்று ஊர் மனுஷனிடம் சொன்னேன்.

"எல்லாம் வெளங்கிச்சு, இல்லீங்களா? நான் பாஸ்கிட்ட சொன்னதும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம். கோபம் இல்லை. அது இல்லாததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பம்பருக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்து, வெந்நீர் கொண்டுவந்து, அந்தப் பிரஷ்ஷால் நான்கு வட்டத்தையும் தேய்த்தேன். ஓர் இடத்தை விட்டால், நான் எடுத்துக் கொடுத்த தடியால் காட்டினார். கண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது. திருட்டு மனுஷா, திருட்டு மனுஷா என்று அன்றைக்கு எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. பாஸுக்குப் போன் போட்டு வயரை வெட்ட வேண்டாம் என்றேன். பழுதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். ஐயாதான் என்றேன். அன்றைக்கு நான் சொன்னது பிழை என்றும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவரிடம் இரண்டு சட்டையை எடுத்துக் காட்டிக் கேட்டேன். கோடு போட்டதைத் தொட்டார். காரில் ஏறி ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லை. கண்ணாடியில் வெறும் பனிதான் இருந்தது, ஒருவரும் நிற்கவில்லை. நான் அவர் பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன்.

"வரலாமாங்க?"

அவர் திரும்பி எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இடது கையை வெளியே போட்டுக் கதவில் தட்டினார். இரண்டு. வந்தேன். மறுபடியும் இரண்டு. செம்பருத்தியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சரிவில் இறங்கினேன். ஒரு தட்டு விழுந்தது. நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் சென்சர் டிங் என்றது.