வரப்போகிறவர்களுக்கு ஓர் இலை

காலை 6.10. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காரைக்குடி வண்டி ஏறினேன். சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். எனக்கு ஐந்தாவது மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊர் ஊராகப் போய், ஐம்பது வருடம் கழித்து உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுவது. ஐந்து மாதம் கழித்து என் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே தைரியமில்லாதவளுக்கு இப்படி ஓர் உத்தியோகம்.

8.45. காரைக்குடியிலிருந்து கீழச்சிவல்பட்டிக்கு ஆட்டோ, அறுநூறு ரூபாய்.

"மெதுவாப் போங்க பாய்" என்று மூன்றாவது முறை சொன்னதும் ஓட்டுநர் திரும்பினார்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும்மா. ஏன் இப்புடிப் பயப்படுறீக?"

10.00. ஊருணிக்கரை அரசமரத்தடியில் இருபது பெண்கள். ஊர் குடிக்கும் அந்தக் குளத்தை மூடி, சுற்றுலாக் கார்கள் நிற்க இடம் செய்யலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. என் கேள்விக்கு வந்த பதில்களும் அப்படித்தான்: ஓட்டல், கார் நிறுத்துமிடம், இன்னொரு ஓட்டல்.

ஊர் வழக்கத்தை வைத்தே கேட்டால் மனம் திறக்கும் என்று ஒன்று யோசித்து வைத்திருந்தேன். இங்கே முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். "இன்னைக்கு, இனிமே பிறக்கப் போறவங்களுக்குப் போடுவோம்" என்று வாழையிலையை விரித்தேன்.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்த மீனாள் ஆச்சி எழுந்து வந்தார். என் வயிற்றைப் பார்த்தார். இலையை வெடுக்கென்று எடுத்தார்.

"என்ன காரியம் பண்றீக? இலை போடுறது போய்ச் சேந்தவுகளுக்கு. பொறக்காத புள்ளைக்கா போடுவாக? அதுவும் புள்ளத்தாச்சி கையால?"

இதையெல்லாம் நம்பாதவள் என்று சொல்லிக்கொள்கிறவள் நான். ஆனால் என் பிள்ளைக்கு நானே இலை போட்டுவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆச்சி இலையை ஓர் ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கோயிலிலிருந்து மஞ்சள் துணி ஒன்று வாங்கிவந்து கிளையில் சின்னத் தொட்டிலாகக் கட்டினார்.

"வர்ற புள்ளையக் கூப்புடணும்னா நாங்க தொட்டில்தான் கட்டுவோம். இப்பக் கேளுங்க."

கேட்டேன். ஓட்டல் பேச்சே வரவில்லை. பேத்திக்கு இதே தண்ணீர் வேண்டும் என்றாள் ஒருத்தி. அப்படியானால் ஊருணியை மூட விடக்கூடாது என்றாள் பக்கத்திலிருந்தவள். நான் எழுதி முடித்ததும் ஆச்சி என்னைக் கேட்டார்.

"உங்க புள்ளை வளந்து இங்குட்டு வந்தா என்ன செய்யும்?"

பயந்து பயந்து சொன்னேன். "இந்த ஊருணியில நீஞ்சும், ஆச்சி."

"குடிக்கிற தண்ணியிலயா? கால வச்சா வெரட்டிப்புடுவேன். இப்பவே சொல்லி வையிங்க!"

மாலை 4.20. திருச்சி வண்டி. பயம் போகவில்லை, வேகத்தடைகளும் குறையவில்லை. எங்கள் வீட்டில் கண் பட்டுவிடும் என்று அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கீழச்சிவல்பட்டியில் அது அதற்குள் திட்டு வாங்கிவிட்டது.