நாற்பதாம் அளவுச் சட்டை

பதினேழு வருடமாகச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவளுக்குக் கை சும்மா இருக்காது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் தம்பிக்கென்று ஒரு சட்டை வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் குண்டூசிகளை உருவி, காலர் அட்டையை எடுத்து, தேய்த்து, மடித்து, தொங்கிய விலைச் சீட்டையும் பிய்த்துப் போட்டாள். சலவைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு இருக்கும். அதைப் பிய்த்தால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி.

பிறகுதான் தம்பிக்குப் போன் செய்தாள்.

"உன் அளவு நாப்பதுதானே?"

"நாப்பதா! அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடிக்கா. இப்ப நாப்பத்திநாலுலயே தொப்பை எட்டிப் பாக்குது."

அவளும் சிரித்தாள். போனை வைத்தபின் சிரிப்பு நிற்கவில்லை, தானாகக் கரைந்துபோனது. அவள் மனதில் தம்பி நாற்பதிலேயே நின்றுவிட்டிருந்தான்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். பெரிய அளவாக மாற்றித் தந்தால் போதும். புதிதாக இன்னொன்று வாங்கும் வசதியில்லை.

"சொல்லுங்கக்கா" என்றாள் கவுன்டர் பெண். எல்லாரையும் அப்படிக் கூப்பிடச் சொல்லி வேலையாட்களுக்குக் கடையில் சொல்லிக்கொடுத்த 'அக்கா'தான் அது. ஆனாலும் காதுக்கு நன்றாக இருந்தது.

சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அந்தப் பெண். "இது துவைச்சதுக்கா."

"துவைக்கல. தேய்ச்சேன், அவ்ளோதான்."

"புதுச் சட்டையைப் போய் யாராவது தேய்ப்பாங்களா?"

"நான் தேய்ப்பேன்."

"எங்க கடையிலேயே இவ்ளோ அழகா மடிக்க மாட்டாங்க. அதான் சந்தேகமே."

வாழ்க்கையில் அவள் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கூடவே மேல்மாடி மேனேஜரைப் பார்க்கச் சொல்லி ஒரு கைகாட்டலும்.

மேனேஜர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டுக் காலரை முகர்ந்து பார்த்தார்.

"போட்டவருக்குப் பிடிக்கலையா?"

"யாரும் போடலைங்க. அவனே நாளைக்குத்தான் வர்றான்."

"வீட்ல வேற யாராச்சும் போட்டுப் பாத்திருப்பாங்க."

"வீட்ல யாரும் இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. விலைச் சீட்டு இல்லாம எடுக்க முடியாது."

சட்டைக்கு ரசீது கையில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்பதற்கு எந்த ரசீதைக் காட்டுவது? மடிப்புக் கலையாமல் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிறு காலை தம்பி தனியாக வந்தான். வேண்டாமென்று அவள் சொல்லச் சொல்ல, சட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். வயிற்றை எக்கி எல்லாப் பட்டனையும் மாட்டினான்.

"பாத்தியா, கச்சிதம்" என்றான். குரல் பாதிதான் வந்தது.

"கழட்டுடா. மூஞ்சி சிவந்துபோச்சு."

"எங்கக்கா எடுத்த சட்டை. கழட்ட மாட்டேன்."

சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். பிள்ளைகள்? "நல்லா இருக்காங்க." வேலை? "போகுது." நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடையிடையே கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று மணிப் பேருந்தில் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தான். வண்டி திருப்பத்தை அடையுமுன்பே அவன் கை கழுத்துக்குப் போனது. முதல் பட்டன், அப்புறம் அடுத்தது.

பாவம், நன்றாக மூச்சு விடட்டும் என்று நினைத்தாள். அவன் அதிகம் பேசாததற்குச் சட்டைதான் காரணம் என்று வைத்துக்கொண்டாள். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்காமல் விட்டது வழியில்தான் ஞாபகம் வந்தது.