தாராவி கதை வாசிப்பில் நான் அடிக்காத மணி

மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்க் கதை எழுதும் வகுப்பில் ஓராண்டாகப் படிக்கிறேன். பதினொரு மாணவர்களில், எழுபத்து மூன்று வயதில், மூத்தவன் நான்தான். சென்ற சனிக்கிழமை தாராவியில் எங்கள் கதைகளை நாங்களே வாசிக்கும் நிகழ்ச்சி. இப்படியொன்றுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

செம்பூரில் 2.50க்கு ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு 26 ரூபாய்.

"கல்யாணமா தாத்தா? வேட்டி பளிச்சுனு இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா, கதை வாசிக்கப் போறேன்."

"கதையா? நம்ம ஏரியாவுலயா? யாரு கேப்பாவ?"

அதே சந்தேகம் எனக்கும் இருந்தது.

இடம், ஒரு தையல் பட்டறையின் மாடி. நான்கிலிருந்து ஐந்து வரை மிஷின்களை நிறுத்தப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம். ஆசிரியை என் கையில் ஒரு மணியைக் கொடுத்தார். "நீங்கதான் சார் கரெக்டா அடிப்பீங்க." பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. இதுவரை நான் யார் முன்னும் எதையும் வாசித்ததில்லை. இரண்டு வாரமாகப் பழகியிருந்தேன்.

ஒன்பது பேருக்குத் தவறாமல் அடித்தேன். பத்தாவது பேச்சியம்மாள். பட்டறை இருக்கும் அதே சந்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர். தமிழ் எழுத்துகளைச் சமீபத்தில்தான் கற்றவர். விரல் வைத்து மெல்ல வாசித்தார். தண்ணீர்க் குழாயடியில் தினமும் சண்டை போடும் இரண்டு பெண்களில் ஒருத்தி ஒருநாள் வரவில்லை. மற்றவள் போய் அவள் கதவைத் தட்டுகிறாள்.

மணி 4.53. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. அடித்தால் அவர் கதை கதவோடு நின்றுவிடும். அடிக்காவிட்டால் எனக்கு நேரமில்லை. கூட்டத்தில் ஒரு பெண், "தொறந்தாளா இல்லையாக்கா? வாசி!" என்றார்.

மணியிலிருந்து கையை எடுத்தேன். பெருந்தன்மை என்று ஆசிரியை பிறகு சொன்னார். வாசிக்கப் பயந்துதான் விட்டேனோ என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

பேச்சியம்மாள் தொடர்ந்து வாசித்தார். உள்ளே அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள். இவள் இரண்டு வீட்டுக் குடங்களையும் நிரப்பி, வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே தூக்கி வருகிறாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஐந்து மணியாகிவிட்டது, கீழே மிஷின்கள் ஓடத் தொடங்கின.

"அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று தாள்களை மடித்தேன்.

"அதெப்படி அண்ணாச்சி?" என்றார் பேச்சியம்மாள். "என் கதைய முழுசா கேட்டிய. ஒங்க கதைய நாங்க கேக்க வேண்டாமா? மிசினு கெடக்கு, சத்தமா வாசிங்க."

என் குரல் இரண்டாம் வரிசைக்கே எட்டாது. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு என்னைச் சுற்றி, முழங்கால் இடிக்கும்படி, எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். வாசித்தேன். ஆறரை நிமிடம் ஆயிற்று.

கேட்கப் போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். ஐந்தரைக்குமேல் சயானில் கூட்டம் அதிகம். வாசிக்கப் போகிறவர்கள் வீட்டில் வாய்விட்டுப் பழகுங்கள். நான் மனத்துக்குள்ளேயே பழகியிருந்தேன். என் கதை என் குரலில் எப்படியிருக்கும் என்று மற்றவர்களோடு சேர்ந்துதான் நானும் முதல்முறை கேட்டேன்.