இரண்டு விரல் போதும்

கடைக்காரர் பைக் லீவர்களைச் சோடி சோடியாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் பரப்பினார். கறுப்பு, சிவப்பு, பொன்னிறம் என்று வளையல் கடை போல ஆகிவிட்டது அந்த இடம். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று பிரேக்குக்கு, ஒன்று கிளட்சுக்கு. கைப்பிடியிலிருந்து லீவரைத் தள்ளியோ கிட்டவோ வைத்துக்கொள்ள எண் போட்ட சின்னத் திருகு ஒன்று இருந்தது. மச்சான் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்தார். எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தார். இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது. காரைக்குடி வெயிலில் அரை மணி நேரம் நின்றும் அது வெளியே வரவில்லை.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வளைகுடா நாட்டில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே வெட்டும் இயந்திரம் அவருடைய இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்துவிட்டது. அக்காவிடம் போனில், கையில் லேசாக அடி, ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகும் வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். திரையில் அவர் முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. திருச்சி விமான நிலையத்தில் அவர் வெளியே வந்தபோது ஒரு கம்பளி அந்தக் கையின் மேல் மடித்துப் போடப்பட்டிருந்தது. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று நினைத்தேன். அக்கா அந்தக் கம்பளியையே பார்த்தாள். காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகு மச்சானுக்கு, தெரிந்தவர் ஒருவரின் கடைக்காக, மானகிரிப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளுக்குப் போய் ஜன்னல் அளவெடுக்கும் வேலை கிடைத்தது. அதற்கு வண்டி வேண்டும். கல்யாணமான புதிதில் வாங்கிய பைக் வீட்டிலேயே நின்றது. அதை எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சாப்பிட, கை கொடுக்க, கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் வலது கை போதுமாக இருந்தது. கிளட்ச் மட்டும் இடது கையைக் கேட்டது. மிச்சமிருந்த மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் அந்தப் பழைய லீவரை எட்டிப் பிடித்து இழுப்பதற்குள் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் அக்கா. “நல்லா இருக்குற வண்டிய ஏன் மாத்துனேன்னு ஊரே கேக்கும்” என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தங்கமான மனிதர். பார்ப்பதற்கு அழகாக இருந்த ஒரு குட்டையான கறுப்பு லீவரை எடுத்துக் காட்டி, “இப்ப எல்லாரும் இந்தக் குட்டைதான் கேட்டு வாராக. ரெண்டு விரல் போதும், வெண்ணெயா இழுக்கும்” என்றார்.

மச்சானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஊர் திரும்பியதிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு விரல் போதும் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டார். அவரிடமும் இரண்டு விரல் இருந்தன. கடைக்காரர் சொன்னது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் என்பது மச்சானுக்கும் எனக்கும் அப்போது தோன்றவே இல்லை. நீளமான லீவர்களை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே மாட்டிக்கொண்டு வந்தோம்.

குட்டை லீவர் நடுவிரல் இருக்க வேண்டிய இடத்தோடு முடிந்துவிடுகிறது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நேரே காற்றுதான். அதனால் அவர் உள்ளங்கையையே கைப்பிடியின் உள்பக்கமாக நகர்த்தி வைத்து ஓட்டப் பழகினார். அங்கிருந்து இழுத்தால் இன்னும் கனக்கும். அதற்காகத் திருகைத் திருப்பி லீவரைக் கைப்பிடிக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். முழுதாக இழுத்தாலும் கிளட்ச் பாதிதான் விடுபடும் என்ற நிலை. ஓட்டத்தில் அது தெரியாது. கியரில் நிற்கும்போதுதான் தெரியும்.

மச்சான் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன ஒரு காலையில் அது தெரிந்தது. பிள்ளையை முன்னால் டேங்கின் மேல் உட்கார வைத்திருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முன்னே போன பஸ் நின்றது. இவரும் நின்றார். நின்ற வண்டி தானாக உந்தி பஸ்ஸின் பின்பக்கத்தில் முட்டியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையின் தாடை ஹேண்டில்பாரில் இடித்துக் கிழிந்துவிட்டது.

நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது தையல் போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை துள்ளியது. “தலைய ரெண்டு கையாலயும் அமுத்திப் புடிங்க சார்” என்றார் நர்ஸ். மச்சான் வலது கையை மட்டும் பிள்ளையின் நெற்றியில் வைத்தார். நர்ஸ் மறுபடியும் சொன்னார். மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. தோள் அசைந்தது. இடது கை பையிலிருந்து பாதி வெளியே வந்து மறுபடியும் உள்ளே போய்விட்டது. அக்கா அவரை விலக்கிவிட்டு, தானே குனிந்து மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் சுவரோரமாகப் போய் நின்றார். அத்தா, அத்தா என்று தகப்பனைக் கூப்பிட்டுப் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

அதன்பின் வண்டிச் சாவியை அக்கா எங்கேயோ வைத்துவிட்டாள். அவர் கேட்கவும் இல்லை. வேலைக்குப் பஸ்ஸில் போனார். வீட்டில் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். நான் போகிற நாட்களில் அந்த வீட்டில் டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

தையல் பிரித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம், “மாப்ள, அந்தக் கடைக்கு ஒருக்கா போவமா?” என்று கேட்டார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, லீவர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மச்சான் பெட்டியை நெருங்கி நின்றார். பையிலிருந்து இடது கையை எடுத்தார். கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து வைத்தார். பக்கத்தில் வண்டிக் கண்ணாடி வாங்க வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்கு இருக்கது இதுதேன். இதுக்கு எது சரியா வரும்?” என்றார்.

கடைக்காரர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் முழு நீள லீவர் ஒன்றைக் கொண்டுவந்து அந்த விரல்களுக்கு நேரே வைத்துப் பார்த்தார். “அன்னைக்கே காட்டியிருந்தீகன்னா அன்னைக்கே இதத்தான் குடுத்திருப்பேன்” என்றார். கிளட்ச் கேபிளையும் புதிதாக மாற்றி, வண்டியை நிறுத்தி கியரில் போட்டு உந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் திருகில் உள்ள எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லச் சொன்னார். மச்சான் தலையாட்டினார். கையை எடுத்துப் பைக்குள் போடவில்லை. லீவரை அந்தக் கையிலேயே பிடித்துக்கொண்டு என் பின்னால் ஏறினார்.

இதை அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். நிமிராமல் கேட்டாள். பிறகு, “கடைக்காரருக்குக் காட்டுனாகளா?” என்றாள். ஆமாம் என்றேன்.

“வந்து இத்தன மாசமாச்சு தம்பி. அந்தக் கைய நான் இன்னும் முழுசாப் பாத்ததில்ல. தூங்கும்போதும் தலையணைக்குக் கீழதான் வச்சிருக்காக.”

நான் கிளம்ப எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவரைத் தாண்டித்தான் நான் வெளியே வர வேண்டியிருந்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. அதே வண்டி, அதே நீள லீவர். காளையார்கோவிலில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அக்கா அவர் பின்னால் உட்கார்ந்துதான் போய் வருகிறாள். மகளை மட்டும் அவர் இன்றுவரை அந்த வண்டியில் ஏற்றியதில்லை. அக்கா சொல்லிப் பார்த்தாள், மகளே கேட்டுப் பார்த்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பஸ்ஸில். அந்தப் பேச்சை எடுத்தால் மச்சான் எழுந்து போய்விடுகிறார். அது ஆறவில்லை. ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது வேறொரு நாள். கடைக்குப் போய் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்ப அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் அந்த இடது கை கிடந்தது. அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். விரல் இல்லாத இடத்தில் அவள் பெருவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த விரலுக்குப் போனது. நான் வந்தது தெரிந்தும் அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“கொஞ்சம் உக்காரு தம்பி,” என்றாள் அக்கா, தலை நிமிராமல். “வலது கை இன்னும் பாக்கி இருக்கு.”