உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஈ

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வானவடி அபார்ட்மெண்ட் லிஃப்டில் எதிர்வீட்டு வசுமதி நின்றிருந்தார். கண் சிவந்து, முகம் வீங்கி... ஊரில் யாருக்கோ என்னவோ என்று பதறிவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"என்னோட ஈயெல்லாம் செத்துப்போச்சுங்கண்ணா."

சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வசுமதி கோயம்புத்தூர்க்காரர். இந்த வடக்கத்தி ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நரம்பியல் விஞ்ஞானி. குழாய்களில் பழ ஈ வளர்த்து, அதன் புழுவுக்குள் நரம்பு எப்படி வளர்கிறது, தசைக்கு எப்படி சிக்னல் அனுப்புகிறது என்று பார்ப்பது வேலை. ஈயைப் புரிந்துகொண்டால் நம் நரம்பும் கொஞ்சம் புரியுமாம். நாலு வருஷம் ஜோடி சேர்த்துச் சேர்த்து, ஒரே ஒரு மரபணு மாறிய ஈ வம்சத்தை உருவாக்கியிருந்தார். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இரண்டு வாரத்துக்கொரு முறை புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும் என்பதால் தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போனதில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு செட்டும் வைத்திருந்தார் — அதே நிலையத்தின் மேல் மாடியில்.

நிலையத்துக்கு மேலிடத்து இன்ஸ்பெக்ஷன் வருகிறதாம். சனிக்கிழமை நிர்வாகம் கட்டடம் முழுக்கப் பூச்சிமருந்து அடித்துவிட்டது. ஈ வளர்க்கிற கட்டடத்தில்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? பஞ்சு அடைத்த குழாய்க்குள் மருந்து போகாதா என்ன? இரண்டு மாடியிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போன் செய்தால், நிர்வாக அதிகாரி ஹிந்தியில் ஆறுதல் சொன்னாராம்: "ஈதானே மேடம்! மண்டய் மார்க்கெட்ல மாம்பழக் கூடைகிட்ட போங்க, வேணுங்கற அளவு பிடிச்சுக்கலாம்."

எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்; என் மனைவி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த மருந்து எப்படிக் கொல்லும் தெரியுங்களாண்ணா? நரம்புல போற சிக்னலைக் குழப்பித்தான் கொல்லும். நான் படிக்கிறதே அந்த சிக்னலைத்தானுங்க."

அவருடைய வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. மறுபடி நாலு வருஷம் யார் கொடுப்பார்கள்?

"கோச்சிங் சென்டர்ல பாடம் எடுக்கக் கூப்பிடறாங்க. போயிடலாம்னு இருக்கேனுங்க."

பார்க்க வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான் நமக்கு. உள்ளே வேலை செய்கிறவர் எக்கேடு கெட்டால் என்ன? அவரைப் பார்த்துச் சிரிக்கவும் என்னைப் போல ஒருவன் லிஃப்டில் தயாராக இருக்கிறான்.

திங்கட்கிழமை வசுமதியின் மேஜைக்குப் பூச்சிமருந்துக் கம்பெனியின் படிவம் வந்தது. 'பூச்சிகள் முழுமையாக ஒழிந்தனவா?'

விஞ்ஞானி பொய் எழுதக் கூடாதே... 'ஆம்' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.