நாற்பது உறைகளும் ஒரு காலி நாற்காலியும்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் தர ஆய்வாளருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே வழங்கியது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் மூலையார். எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் அதன் எட்டு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எட்டும் தேறினால்தான் மற்றவற்றைப் பற்றிப் பேச்சு. ஒரு மூலை மழுங்கியிருந்தாலும், "இது தேறாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். இந்தப் பழக்கம் தொழிற்சாலை வாயிலோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. தம் திருமண அழைப்பிதழ்களின் மூலைகள் மடிந்திருக்கக் கண்டு, அத்தனையையும் அச்சகத்துக்கே திருப்பி அனுப்பினார். புதியவை வந்து சேர்ந்தபோது திருமணம் முடிந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. மூலைகள் மிக நன்றாக இருந்தன என்று இன்றும் சொல்வார்.

ஜாஸ் இசைமீது அவருக்குப் பற்று உண்டானதும் மூலை வழியாகத்தான். கூழாக்குவதற்காகத் தொழிற்சாலைக்கு வந்த பழைய அட்டைக் குவியலில் ஒருநாள் சதுரமான உறையொன்று கிடைத்தது. மஞ்சள் நிறப் பின்னணியில் ஒரே ஒரு காலி நாற்காலி. வேறு படம் எதுவும் இல்லை. அரை நூற்றாண்டைக் கடந்த உறை. ஆனால் நான்கு மூலைகளும் நேற்று வெட்டியவை போலக் கூர்மையாக இருந்தன. மூலையார் அதைக் கைக்குட்டையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஓர் இசைத்தட்டு இருந்ததை மறுநாள்தான் கவனித்தார். அது ஜாஸ் இசை என்பது மூன்று மாதங்கள் கழித்தே தெரியவந்தது. தெரிந்த பிறகு, பழைய பொருள்கள் விற்கும் கடைகளை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார். கண்ணாடி அலமாரியில் உறைகள் முந்நூற்று நாற்பதாகப் பெருகின.

பல் மருத்துவர் ஒருவரின் மருத்துவமனை மாடியில், மாதந்தோறும் முதல் ஞாயிறு காலையில், ஜாஸ் அன்பர் எழுவர் கூடுவது வழக்கம். மூலையாரும் அவர்களுள் ஒருவரானார். எழுவரும் வெள்ளைக் கையுறை அணிந்து, உறைகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். அறையின் நடுவில், தட்டை ஒலிக்கச் செய்யும் இசைத்தட்டுப் பெட்டி ஒன்றும் உண்டு. அதைத் துணியால் மூடி, மேலே மருத்துவர் தம் தொப்பியை வைத்திருப்பார். அந்தத் தொப்பி அங்கிருந்து நகர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை.

"ஊசி ஒரு தடவ பட்டா போதும், ரெக்கார்டு ஆயுசுல ஒரு பங்கு போச்சு," என்பார் மருத்துவர். "பல்லு மாதிரிதான். ராவ ராவத் தேயும்."

"அப்ப எப்பதான் கேக்குறது, டாக்டர்?" என்று புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

ஆண்டுக்கொருமுறை மூலையார் தம் மஞ்சள் உறையைக் கொண்டுபோய்ச் சொற்பொழிவு ஆற்றுவார். "இந்த நாற்காலியப் பாருங்க. யாரோ எழுந்து போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. இந்த ரெக்கார்டு முழுக்க அந்தப் பிரிவுதான்." இந்த இடத்தில் மருத்துவரின் கண்கள் கலங்கும். அந்தத் தட்டு ஒருமுறைகூடச் சுழன்றதில்லை என்பது எழுவருக்கும் தெரியும். அதனால் துயரம் சற்றும் குறைந்ததில்லை.

பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இடி விழுந்தது. தட்டு நெடுநாள் உறைக்குள்ளேயே இருந்தால், அதன் விளிம்பு உறையின் மேல் வட்டத் தழும்பாகப் பதியும். அப்படியொரு தழும்பின் தொடக்கத்தை நாற்காலியின் காலருகே மூலையார் கண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. "உறைக்கு முதல் பகையே உள்ள இருக்கிற ரெக்கார்டுதான்," என்று மனைவியிடம் அறிவித்தார். ஒரே வாரத்தில் எல்லாத் தட்டுகளையும் வெளியேற்றி, வெள்ளைத் தாள் பைகளில் இட்டு, பின்னறையில் இருந்த இரும்புப் பெட்டியில் அடைத்தார். உறைகளின் வயிறு ஒட்டிவிடக் கூடாதே என்று, மெல்லிய அட்டையை வட்டமாக வெட்டி ஒவ்வொன்றிலும் செருகினார். முந்நூற்று நாற்பது அட்டை வட்டங்கள். எல்லாம் ஒரே அளவு. அவற்றை ஒலிக்கச் செய்ய முடியாது என்பது தவிர வேறொரு குறையும் சொல்வதற்கில்லை.

இப்படி நிம்மதியாக இருந்தவரை, பழைய நூல்களுக்குப் பெட்டி வாங்கவந்த நகர நூலகர் கண்டுகொண்டார். மேசையில் இருந்த உறையொன்றைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவர், நாற்பது உறைகளை நூலகக் கூடத்தின் சுவரில் ஒரு மாதம் தொங்கவிடலாம் என்றார். சேகரித்தவரின் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கீழே வைக்கலாம் என்றும் சொன்னார். இருபத்தாறு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியலுக்குள் அடைபட்டிருந்த பெயர்! மூலையாருக்கு அன்று மாலை வீடு திரும்பும் வழியே தெரியவில்லை.

"ஆனா ஒரு விஷயம், சார்," என்று நூலகரான அந்த அம்மையார் சொல்லியிருந்தார். "வெறும் படம் பாக்க ஜனங்க வரமாட்டாங்க. தொடக்க விழா அன்னிக்கு, அவங்க எந்த உறையக் கைகாட்டுறாங்களோ, அதோட ரெக்கார்டப் போட்டுக் காட்டணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, தபால்தலை சேக்குறவங்க அதே சுவத்தக் கேட்டுக்கிட்டிருக்காங்க."

தபால்தலைக்காரர்களிடம் சுவரை விட்டுக்கொடுப்பதா? முடியும் என்று மூலையார் சொல்லிவிட்டார். செய்தி பல் மருத்துவரின் காதுக்கும் எட்டியது. "நானும் வர்றேன். கேட்டுப் பாத்துடுவோம்," என்றார் அவர். இருபதாண்டுகளாகத் தாமே தலைவராக இருக்கும் குழுவில் மற்றொருவர் பெயர் சுவரேறுவது யாருக்குத்தான் இனிக்கும்?

விழாவுக்கு ஐந்து நாள்கள் இருக்கையில் மூலையார் பின்னறைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய திரைச்சீலைகள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இதுல இருந்த ரெக்கார்டெல்லாம் எங்க?"

"எது, அந்தப் பகையாளியா?" என்று மனைவி சமையலறையிலிருந்தே கேட்டார். "தங்கச்சி கடைக்கு அனுப்பி எட்டு வருஷமாச்சு. பகையாளியப் பக்கத்துலயே வச்சிருந்தா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீங்க ஏதோ மூலையத் தடவிக்கிட்டே 'ம்'னு சொன்னீங்க."

கொழுந்தியாளின் தையற்கடை அடுத்த தெருவில் இருந்தது. இரண்டு தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் மேசை, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஓர் இசைத்தட்டுப் பெட்டி. சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கும் கம்பிச் சட்டத்தில் முந்நூற்று நாற்பது இசைத்தட்டுகளும் நிமிர்ந்து நின்றன. எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் பிற்பகலில் மனைவி அங்கே போய், தங்கைக்குப் பொத்தான் துளை தைத்துக்கொடுத்தபடி, இவற்றையெல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டதில் தவறில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியாத மொழி. ஆகவே அடையாளத்துக்காக ஒவ்வொரு சீட்டின் மீதும் ஒரு துணித்துண்டைப் பசைபோட்டு ஒட்டிவைத்திருந்தார். மூலையார் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் துணியோடு வந்துவிட்டது.

"பிய்க்காதீங்க, அத்தான்," என்றார் கொழுந்தியாள். "அது 'மாமியார்'. நிறுத்தாமக் குறை சொல்லிக்கிட்டே இருக்கும். இந்தப் பச்சைப் பட்டு, 'மழை'. கட்டம் போட்டது, 'பஸ்ஸத் தவறவிட்டவன்'. அக்கா வச்ச பேருதான் எல்லாம்."

எந்தத் தட்டு எந்த உறைக்கு உரியது என்று கண்டறிய, தட்டின் ஓரத்தில் நுண்ணிய எண்கள் கீறப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பல் மருத்துவர் ஒருவரே. பல் பார்க்கும் கண்ணாடியால்தான் படிப்பார். அவரிடம் போவதைவிடச் சுவரைத் தபால்தலைகளுக்கே கொடுத்துவிடலாம். எனவே மூலையார் நாற்பது உறைகளையும் தையற்கடைக்குக் கொண்டுவந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினார். அலமாரிப் பூட்டுக்குப் பின்னே இருந்த அந்தப் படங்களை மனைவி நன்றாகப் பார்த்தது அன்றுதான்.

மூன்று பிற்பகல்கள் கழிந்தன. மனைவி ஒரு தட்டைக் கேட்பார், உறைகளைப் பார்ப்பார், எடுத்துவைப்பார். "இந்தப் பொம்பள முதுகக் காட்டிக்கிட்டு ரயிலடியில நிக்கிறா. பஸ்ஸத் தவறவிட்டவன் இதுக்குள்ளதான் இருப்பான்." "இங்க நாலு குடை வரிசையா இருக்கு. இது 'இழவு வீடு', கறுப்பு வெல்வெட்டு." நீல நிற உறைக்குள் துள்ளலான தட்டொன்று போனபோது, நீலமென்றால் சோகம் என்று மூலையார் வாதாடிப் பார்த்தார். "அப்ப என் நீலப் பொடவையெல்லாம் என்ன, அழுதுக்கிட்டா இருக்கு?" என்றார் மனைவி.

"முப்பத்தொம்போதுக்குப் பொருத்தம் பாத்தாச்சு, அத்தான்," என்றார் கொழுந்தியாள். "உங்க நாற்காலிக்குத்தான் இன்னும் மாப்பிள்ளை அமையல."

மனைவி மஞ்சள் உறையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பூப்போட்ட பருத்தித் துணி ஒட்டிய தட்டை எடுத்தார். "மூணு நண்பர்" என்பது அதன் பெயர். மூன்று பேர் ஒருவரையொருவர் சீண்டி விளையாடுவது போலிருந்தது. நடுவில் யாரோ சிரித்துவிட்டதும் கேட்டது.

"இதா? இதுக்கா?" மூலையார் உறையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "யாரோ போய்ச் சேந்துட்டாங்க, அதான் நாற்காலி காலியா இருக்கு. பதினெட்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"காலியா இருந்தாப் போய்ச் சேந்துட்டாங்கன்னு அர்த்தமா? எழுந்து ஆடப் போயிருக்கலாம். பின்னாடி என்ன எழுதியிருக்கு, நீங்கதான் படிங்களேன்."

"பின்னாடியெல்லாம் பாத்தாச்சு. ரெண்டு எழுத்துப்பிழை, ஒரு எடத்துல மை திட்டா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் விழா நாள் காலையில், மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், மூலையார் வெல்வெட்டுத் தட்டைக் குடை உறையிலிருந்து எடுத்து மஞ்சள் உறைக்குள் வைத்தார். பூப்போட்ட நண்பர்களைக் குடைகளுக்குள் அனுப்பினார்.

கூடத்தில் அறுபது பேர் இருந்தனர். நாற்பது உறைகளும் வரிசையாகத் தொங்கின. கீழே, பெரிய எழுத்தில், அவர் பெயர். அதை அவர் நான்குமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முதல் ஆளாகக் கையை உயர்த்தியவர் பல் மருத்துவர். "அந்த நாற்காலி," என்றார்.

நூலகர் உறையிலிருந்து தட்டை உருவினார். கறுப்பு வெல்வெட்டைக் கண்டதும், முன்வரிசையில் இருந்த மனைவி தம் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கைப்பையின் பிடியைத் திருகத் தொடங்கினார். ஊசி இறங்கியது. ஊதுகருவி ஒன்று, ஈரத் துணியைப் பிழிவது போல, மெல்ல மெல்ல அழுதது. மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார், கைக்குட்டையை எடுத்தார். "பிரிவு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "இத நான் எப்பவோ உணர்ந்துட்டேன்." குழுவின் மற்றவர்களும் தலையசைத்தார்கள். மூலையாரின் நெஞ்சு நிறைந்தது.

நூலகர் மட்டும் உறையைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். தொழில் அப்படி, பின்னட்டையைப் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. "சார், இதுல மூணு பேருதான்னு போட்டிருக்கு," என்றார். "பியானோ, பாஸ், டிரம்ஸ். அப்ப ஊதுறது யாரு?"

குழுவினரின் தலையசைப்பு நின்றது. ஊதுகிறவர் மட்டும் நிறுத்தவில்லை.

முதலில் பேசியவர் மருத்துவர்தான். நனைந்த கைக்குட்டை அவர் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரால் பின்வாங்க முடியாது. "அது பதிப்பப் பொறுத்தது, அம்மா. சில பதிப்புல ஒருத்தர் பேரு விட்டுப்போயிரும். விவரம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மூலையாரைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவர் பார்வையில் நட்பு இருந்தது.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெயர் சுவரில் இருக்கும், மருத்துவர் தோழராகிவிடுவார், நாற்காலியின் துயரமும் நிலைத்திருக்கும். மனைவியும் வாய் திறக்கப்போவதில்லை. கைப்பையின் பிடியோ கழன்றுவிடும் போலிருந்தது. மூலையார் சுவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு உறைகள் சரி, இரண்டு தவறு. எட்டில் ஒரு மூலை மழுங்கினாலே திருப்பி அனுப்புகிறவர் அவர். அவருடைய கட்டைவிரல் தானாகவே காற்றில் எதையோ அழுத்திப் பார்த்தது.

"இது தேறாது," என்றார்.

"எது, சார்?"

"ரெக்கார்டு தப்பு. சரியானது அந்தக் குடைக்குள்ள இருக்கு. என் வீட்டம்மா சரியாத்தான் போட்டுக் கொடுத்தாங்க. நான்தான் காலையில மாத்திட்டேன். எனக்கு மூலையத் தவிர ஒண்ணும் தெரியாது. ரெக்கார்டையெல்லாம் கேட்டவங்க அவங்கதான்."

பூப்போட்ட தட்டு சுழன்றது. மூவரும் சீண்டிக்கொண்டார்கள், நடுவில் ஒருவர் சிரித்தார், கடைசி வரிசையிலும் சிலர் சிரித்தனர். மருத்துவர் ஈரக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். "அப்ப அந்த நாற்காலியில இருந்தவரு?" என்றார் கசப்பாக.

"ஆடப் போயிருக்காரு," என்றார் மூலையார்.

அதன்பின் பார்வையாளர் கைகாட்டிய உறைகளுக்கெல்லாம் விளக்கம் சொன்னவர் மனைவி. 'மாமியார்' தட்டுக்கு மூன்றுமுறை வேண்டுகோள் வந்தது. மூலையார் சுவரோரமாக நின்று, ஒருவரும் உறைகளின் மூலையைத் தொட்டுவிடாமல் காவல் காத்தார்.

அன்று மாலையே தம் பெயர் அட்டையைத் தம் கையாலேயே கழற்றி, மனைவியின் பெயரை முதலிலும் தம் பெயரைப் பின்னும் எழுதி வேறு அட்டை செய்துதரும்படி நூலகரிடம் வேண்டினார். இரண்டு நாளில் அட்டை வந்தது. மூலையார் அதை வாங்கி, கட்டைவிரலால் நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, அச்சகத்துக்கே திருப்பி அனுப்பினார். மாதம் முழுவதும் அந்த நாற்பது உறைகளும் யாருடைய பெயரும் இல்லாமலே தொங்கின.

புதிய அட்டை, கண்காட்சி முடிந்த ஆறாம் நாள் வந்து சேர்ந்தது. இப்போது அது தையற்கடையில், இசைத்தட்டுச் சட்டத்துக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. மூலைகள் மிக நன்றாக இருக்கின்றன.