மைதாப் பசைக்கு அடியில் இருந்த கவிஞர்

ரோசலின் மிஸ் ஒரு கவிஞரின் பாதி வாழ்க்கையை எங்களிடமிருந்து மறைத்தார். அதையும் எங்கள் விரல்களாலேயே செய்யவைத்தார். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பெல்லாம் மைதாப் பசையின் புளித்த வாடை அடிக்கும். பாடப் புத்தகத்தில் மிஸ் "வேண்டாத பத்தி" என்று காட்டும் இடத்தின்மேல் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டவேண்டும். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம் அது. ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒட்டியது, கப்பன் பார்க்கில் சிலையாக நிற்கிறாரே விக்டோரியா ராணி, அவர் காலத்து ஆங்கிலக் கவிஞர் ஒருவரின் இளமைப் பருவத்தைப் பற்றிய பாடத்தில்.

தசரா லீவுக்கு முன் கணக்கில் நான் பதினொரு மார்க் வாங்கினேன். பேக்கரியில் வேலை பார்த்த அப்பாவை மிஸ் வரவழைத்தார்.

"பாடத்துல வர்ற கவிஞர் சின்ன வயசுலேருந்து ஃபர்ஸ்ட் ரேங்க். உங்க பொண்ணுக்குப் படிப்பு ஏறாது. கார்மெண்ட்ஸ் கம்பெனில சேத்துடுங்க."

வழியெல்லாம் கொட்டிய மழையில் என் புத்தகப் பை நனைந்தது. வீட்டுக்கு வந்ததும், "மிஸ்ஸே சொல்லிட்டாங்க. திங்கக்கெழமலேருந்து கார்மெண்ட்ஸ்" என்றார்.

அம்மா என் நனைந்த புத்தகத்தை அடுப்போரம் விரித்தபோது, பசை இளகி, காலண்டர் தாள் கையோடு வந்துவிட்டது. கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னேன்: அந்தக் கவிஞர் கணக்கில் தோற்றவர், இரண்டு பள்ளிக்கூடங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பின, மூன்றாவதில்தான் தேறினார்.

"மூணு ஸ்கூல் வரைக்கும் வுட்டிருக்காங்க பாரு," என்றார் அம்மா. "நம்ம பொண்ணுக்கு ஒண்ணுதானேய்யா ஆச்சு?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, இன்னொரு வருசம் போ. அந்தாளு மாதிரி பாட்டு எழுதிக்கினு மட்டும் ஒக்காந்துடாத."

இன்று நான் நர்ஸ். மருந்தின் அளவைத் தினமும் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறேன், ஒருநாளும் தப்பியதில்லை.

அப்பாவின் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்தப் புத்தகமும் இல்லை, மைதாப் பசையும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்த சாந்தி இருக்கிறாள். அவளுக்கும் கணக்கில் பதினொன்றுதான், அவள் அப்பாவிடமும் மிஸ் அதையேதான் சொன்னார். அவள் புத்தகம் மழையில் நனையவில்லை. அவள் கார்மெண்ட்ஸுக்குப் போனாள்.

அடுத்த மாதம் பழைய மாணவியர் கூட்டத்தில் ரோசலின் மிஸ் பேசப்போகிறாராம். சாந்தியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கேட்பேன்: அந்தப் பத்தியை ஏன் மூடினீர்கள், மிஸ்? மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்து, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.